ஊருக்கெல்லாம் கேட்கிற போன்

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் எழுதுவது.

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு. நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நான் தூங்கும் நேரம் பார்த்து என் போனுக்குள் புகுந்து, நன்றாக இருந்ததைத் திருத்திக் கெடுத்துவிட்டது. அன்றிலிருந்து யார் என்னைக் கூப்பிட்டாலும், நான் யாரைக் கூப்பிட்டாலும், எதிர்முனையில் இருப்பவர் பேசுவது ஒலிபெருக்கியில்தான் வருகிறது. காதோடு போக வேண்டியது கட்டடத்தோடு போகிறது. இதுதான் குற்றம். செய்தது உங்கள் கம்பெனி. செய்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதும் உங்கள் கம்பெனிதான்.

இனி மரியாதைகள். நானும் உங்கள் அத்தையும் இங்கே நன்றாக இருக்கிறோம், போன் ஒன்றுதான் நன்றாக இல்லை. நீங்களும் என் மகள் பாப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசை. ‘எங்கள்’ என்று நான் எழுதியதும், ‘உங்கள் அத்தை’ என்று எழுதியதும் அவளுக்குத் தெரிந்தால், யாருக்கு யார் அத்தை என்று கேட்பாள். அதனால் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். போனில் சொன்னால் நீங்கள் சொல்லும் பதிலை நான் மட்டுமா கேட்பேன்? இரண்டாம் மாடித் தையல்காரர் கேட்பார், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கேட்டு, அதில் தப்பும் கண்டுபிடிப்பார்.

இந்த போன் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்களும் பாப்பாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து, ‘எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆசீர்வாதம் வேண்டும்’ என்று செய்தி அனுப்பினீர்கள். எனக்குக் கோபம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அப்புறம் பசி வந்தது, கோபம் போய்விட்டது. உங்கள் அத்தைக்கு அப்படி இல்லை. அன்றோடு பாப்பாவிடம் பேச்சை நிறுத்தினவள் இன்றுவரை ஒரு சொல் பேசவில்லை. அவள் வாதம் ஒரே வரி. “கல்யாணம் பண்ணினது தப்பே இல்லை. பண்ணிட்டுச் சொன்னாங்க பாருங்க, அதுதான் தப்பு.” அதற்கப்புறம்தான் நீங்கள் ‘மாமாவுக்கு’ என்று எழுதி இந்த போனை அனுப்பினீர்கள். அந்தப் பெட்டியைத் துடைப்பத்தால்கூடத் தொடமாட்டேன் என்றாள் அவள். நான் தொட்டேன். ஒரு எந்திரத்தைப் பெட்டிக்குள் விட்டுவைக்கிற மனம் எனக்குக் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பாப்பாவின் குரலை உங்கள் அத்தை காது வரைக்கும் கொண்டுபோகப் போவது இந்த போன்தான் என்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அவசரப்படாமல், பக்குவம் பார்த்து, ஒரு நல்ல நாளில்.

அதற்காகவே இந்த போனை நானே கற்றுக்கொண்டேன். நான் பார்த்த லிஃப்ட் பழுது வேலையையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே பார்த்துப் பார்த்துப் படித்தவன். போனை மேசைமேல் வைத்து அதே மாதிரிப் படித்தேன். படித்ததோடு நிற்காமல், “பார்த்தியா, மாப்பிள்ளை கம்பெனிச் சாமான், ஒரு பிசகு கிடையாது” என்று அவள் காதுபட அடிக்கடி சொல்லிவந்தேன். செங்கல் செங்கல்லாக உங்கள் கட்சியைக் கட்டிக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. அந்தச் சுவர் இடுப்பு உயரம் வந்த நேரத்தில்தான் உங்கள் கம்பெனி வந்து அதன்மேல் சாய்ந்தது.

காலையில் எழுந்து பார்க்கிறேன், போன் கறுப்பாகி, நடுவில் ஒரு வட்டம் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருக்கிறது. பிறகு ஓர் அறிவிப்பு. ‘உங்கள் சாதனம் மேம்படுத்தப்பட்டது. புதிய அனுபவத்தில் மகிழுங்கள்.’ என் தோளுக்குப் பின்னால் நின்று உங்கள் அத்தையும் படித்தாள். படித்துவிட்டுச் சொன்னாள். “பண்ணிட்டுச் சொல்றாங்க. ஆளும் அப்படி, ஆபீசும் அப்படி.” எத்தனையோ கட்டடத்துச் செக்ரட்டரிகளுக்கு நின்ற இடத்தில் பதில் சொன்ன நான், போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கெட்டுப்போனது போன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கெட்டுப்போனது உங்கள் வழக்கு.

புதிய அனுபவம் அன்று காலையே கிடைத்தது. லிஃப்டில் நானும் மூன்றாம் மாடிப் பல் டாக்டரும் போகிறோம். எனக்குக் கடைவாய்ப் பல் வலி, வியாழக்கிழமை அவரிடம் காட்டுவதாகப் பேச்சு. போன் அடித்தது, என் மைத்துனர். எடுத்துக் காதில் வைத்தேன், குரல் கூரையில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தது. “மச்சான், பல்லு வலின்னு அந்த மூணாம் மாடி ஆள்கிட்டப் போயிடாதீங்க. போன தடவை எனக்குப் பிடுங்குறப்ப அவரு கைதான் நடுங்குச்சு. நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.” நான் சரி சரி என்கிறேன், பொத்தானை அமுக்குகிறேன், போனை மார்போடு அணைக்கிறேன், அது என் மார்புக்குள்ளிருந்தே பேசுகிறது. பல் டாக்டர் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நானே பல வருஷம் எண்ணெய் போட்டு ஓட்டிய லிஃப்ட் அது, அவ்வளவு மெதுவாகப் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் மாடியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்து மிகவும் மரியாதையாக, “வியாழக்கிழமை நீங்க சிரமப்பட வேண்டாம்” என்றார். அந்தப் பல் இன்றைக்கும் என் வாயில்தான் இருக்கிறது, இன்றைக்கும் வலிக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத்து எங்கெங்கே கோணியிருக்கிறதோ அங்கெல்லாம் பல் வலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டுக்குள் ஏன் எடுத்தீர்கள், பேசாமல் விட்டிருக்கலாமே என்பீர்கள். விட முடியாது. என் தொழிலில் மணி அடித்தால் எவனோ ஒருவன் இரண்டு மாடிக்கு நடுவில் இருட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். சாப்பிடும்போது அடித்தாலும் எடுப்பேன், சவரம் பாதியில் இருந்தாலும் எடுப்பேன். ஓய்வு பெற்றது நான்தான், என் கை ஓய்வு பெறவில்லை. அதனால்தான் எங்கள் கட்டடத்துச் செக்ரட்டரி காலமாகி, துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் எடுத்தேன். பெரிய கூடம், எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கடிகாரம் ஓடுவது கேட்கிறது. மறுபடி அதே மைத்துனர். “மச்சான், செக்ரட்டரி போயிட்டாராமே. தங்கமான மனுஷன். ஆனா ஒண்ணு, இனிமே மீட்டிங் சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.” நான் லிஃப்ட் குழி இருந்தால் குதித்திருப்பேன். அப்போது மூலையில் இருந்த செக்ரட்டரியின் மனைவி தலையைத் தூக்கி, “அவர் சொல்றது சரிதான், வீட்லயும் அப்படித்தான் பேசுவாரு, உப்பு வேணும்னு கேக்கவே கால் மணி நேரம் ஆகும்” என்று சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அதற்கப்புறம் ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒரு கதை சொல்ல ஆரம்பித்து, வந்தவர்கள் யாரும் எழுந்து போகவே இல்லை. நல்லதாகத்தானே முடிந்தது என்று நீங்கள் சொல்லக் கூடாது. அது அந்த அம்மாவின் பெருந்தன்மை. உங்கள் கம்பெனிக்கு அதில் பங்கு கிடையாது.

நான் சும்மா இருந்தேன் என்றும் நினைக்காதீர்கள். ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினால் அணைகிறது, கையை எடுத்ததும் தானே எரிகிறது, ஆள் நிற்பதைப் பார்க்கிற கண் கெட்ட லிஃப்ட் கதவு மூடி மூடித் திறக்கிற மாதிரி. சத்தத்தைக் குறைத்தால் கட்டடத்துக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. காதில் மாட்டுகிற கருவியைச் செருகலாம் என்றால் அந்த ஓட்டையை உங்கள் கம்பெனி முன்பே அடைத்துவிட்டது, அதுவும் ஒரு மேம்பாடு. துண்டில் சுற்றிக் கன்னத்தோடு வைத்துப் பேசிப் பார்த்தேன், எதிரில் வந்தவர்கள் எல்லாம் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கடைசியில் என் பழைய பெட்டியைக் கிளறி, லிஃப்டில் மாட்டுகிற தகரப் பலகையை எடுத்தேன். ‘பழுது. வேலை நடக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.’ அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உங்கள் கம்பெனி மாட்டியிருக்க வேண்டிய பலகை அது, நான் மாட்டிக்கொண்டு நடந்தேன். பலகையைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள் என்று நினைத்தேன். என்ன ஏது என்று விசாரித்தார்கள், சொன்னேன், மறுநாள் பூங்காவில் என் பெஞ்சைச் சுற்றி இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். “இன்னைக்கு உங்க மச்சான் கூப்பிடலையா?” என்று கணக்கு வாத்தியார் கவலையோடு கேட்டார். மைத்துனருக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்து, அவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு பல் டாக்டரும் ஒரு மைத்துனரும் என் கணக்கில் போய்விட்டார்கள்.

உங்கள் கம்பெனியிடம் சொல்லிப் பார்த்தேனா என்றால், சொல்லாத இடம் இல்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு அம்மா சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதுவும் ஒலிபெருக்கியில்தானே வரும், முதல் மாடி வீட்டில் இப்போது பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அந்த இசையைத்தான் முணுமுணுக்கிறார்கள். எழுதிக் கேட்டால் ‘உதவித் தோழி’ என்று ஒன்று வருகிறது. போனை அணைத்துப் போடுங்கள் என்றது, போட்டேன். சரியாகவில்லை என்றேன், போனை அணைத்துப் போடுங்கள் என்றது. நீ ஆளா எந்திரமா என்று கேட்டேன். நல்ல கேள்வி, போனை அணைத்துப் போடுங்கள் என்றது. எந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை மாப்பிள்ளை, வாழ்நாள் முழுக்க எந்திரத்தோடு பேசியவன்தான், ஆனால் எந்த லிஃப்டும் என்னை இப்படி ஏளனம் செய்ததில்லை.

பழுது பார்க்கும் கடைக்கே நேரில் போனேன். கண்ணாடி அறை, உள்ளே போனால் பல் கூசுகிற குளிர், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. நீலச் சட்டை போட்ட பெண் பிள்ளை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது போன்ல கோளாறு இல்ல சார், சாஃப்ட்வேர். அது மேல இருந்து வரணும்” என்றாள். மேலே என்றால் எந்த மாடி, ஏறிப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்களுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். நாங்களும் அந்த உதவி எண்ணுக்குத்தான் கூப்பிடுறோம். அந்தப் பாட்டு எனக்கும் மனப்பாடம்.” பாவம், அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. பிறகு கம்பெனியின் வலைத்தளத்திலேயே புகார் சொல்லும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கழுத்துப் பலகை வரை எல்லாவற்றையும் எழுதினேன். என்னைப் போல எத்தனை பேர் மாப்பிள்ளை. ஒருவர் வேலை கேட்கப் போன இடத்தில் மானம் போயிருக்கிறது, ஒரு அம்மா மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் தாயோடு பேசியிருக்கிறார். அத்தனை பேருக்கும் அடியில் உங்கள் கம்பெனி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது. ‘சரிசெய்யப்பட்டது.’ எழுதிவிட்டு, இனி யாரும் எழுத முடியாதபடி அந்தப் பகுதியைப் பூட்டிவிட்டார்கள். ஆட்களை உள்ளே வைத்து லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது, வெளியே பூட்டுப் போட்டு, ‘நன்றாக ஓடுகிறது’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் முதல் வேலை பழுது பார்ப்பது இல்லை. நாலு மாடி ஓடி ஏறி, மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று, கதவு இடுக்கில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். “பயப்படாதீங்க. நான் வெளியிலதான் நிக்கிறேன்.” அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு நேரமானாலும் பொறுத்திருப்பார்கள், உட்கார்ந்து கதை பேசுவார்கள், ஒருவர் பாட்டுக்கூடப் பாடியிருக்கிறார். கேட்காவிட்டால் ஐந்து நிமிஷத்தில் கதவை உதைப்பார்கள். சரிசெய்யத் தெரியாதபோதுகூட நான் அதைச் சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டுத்தான் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வரி எல்லாருக்கும் பாடம். நான் ஒரு கட்டடத்தில் இருக்கும்போது இன்னொரு கட்டடத்திலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், உங்கள் அத்தை எடுத்து அதே வரியை என் பெயரில் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். பாப்பா சின்னதில் குளியலறைத் தாழ் மாட்டிக்கொண்டு உள்ளே அழுதபோதும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் அத்தை சொன்னது அதைத்தான். இவ்வளவு பெரிய கம்பெனியில் அந்த ஒரு வரியைச் சொல்ல ஓர் ஆள் இல்லையா?

நீங்களும் சொல்லவில்லை, அதுவும் எனக்கு வருத்தம். நீங்கள் எந்தப் பிரிவு என்று பாப்பா விளக்கினாள், எனக்குப் புரியவில்லை, போனைத் திருத்துகிறவர்களில் ஒருவர் என்பது மட்டும் புரிந்தது. நான் எழுதிய புகார்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்ததாம், ஆபீசில் எல்லாரும் ‘பலகைத் தாத்தா எழுதியிருக்காரு’ என்று படித்துக் காட்டிச் சிரிப்பார்களாம், அது என் மாமனார் என்று நீங்கள் மூச்சு விடவில்லையாம். மாமனார் என்று சொல்லிக்கொள்ள வெட்கமா, இல்லை மரியாதையா என்று தெரியவில்லை. மரியாதை என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய சேதத்துக்கு வருகிறேன். பாப்பா தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் கூப்பிடுவாள், உங்கள் அத்தை காய் நறுக்குகிற நேரம் அது. முன்பெல்லாம் நான் போனோடு பால்கனிக்குப் போய்விடுவேன், திரும்பி வந்து ஒன்றும் சொல்ல மாட்டேன், அவளும் கேட்க மாட்டாள். ஒலிபெருக்கி வந்த அன்று பாப்பாவின் குரல் வீடு முழுக்க நடமாடியது. உங்கள் அத்தை குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். மறுநாள் காய் நறுக்கும் பலகையும் கத்தியுமாகப் பால்கனிக்குப் போனாள், நான் ஏற்கனவே அங்கே இருந்தேன், இருவரும் இடம் மாறிக்கொண்டோம், குரல் இரண்டு பக்கமும் வந்தது. இப்போது நிலைமை இன்னும் மோசம். கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நறுக்குகிறாள். பீன்ஸை எவ்வளவு பொடியாக நறுக்குகிறாள் என்றால், தட்டில் தேட வேண்டியிருக்கிறது. பாப்பா பேசும்போது நான் குறுக்கே ஏதாவது சொன்னால் கத்தியால் பலகையில் ஒரு தட்டு. முந்தாநாள் பாப்பா, நீங்கள் இந்த ஒலிபெருக்கிக் கோளாறுக்காக ஆபீசிலேயே கிடக்கிறீர்கள், வீட்டுக்கு வருவதே இல்லை என்றும், தான் தனியாகத்தான் சாப்பிடுவதாகவும் சொன்னாள். உங்கள் அத்தை வெங்காயத்தைப் பார்த்து, “அந்த ஆளுக்குச் சாப்பாடு யாரு குடுக்குறாங்களாம்?” என்று கேட்டாள். பாப்பா சட்டென்று, “அப்பா, அம்மாவா கேட்டது?” என்றாள். உங்கள் அத்தை எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

இது நல்ல அறிகுறி என்று நீங்கள் நினைத்தால் கதவைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டிக்கொண்ட கதவை நெம்பக் கூடாது, நெம்பினால் தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. நான் எவ்வளவு பதமாக, எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டித் திறக்கலாம் என்று இருந்தேன். உங்கள் கம்பெனி கடப்பாரையைக் கொண்டு வந்து நிற்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள். உங்கள் கம்பெனியின் தலைவர் தம் கையெழுத்தில் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், ‘மேம்பாடு’ என்ற சொல் அதில் வரக் கூடாது. இந்த வேலையைச் செய்தது எவரோ, அவர் எங்கள் கட்டடத்துக்கு வந்து, லிஃப்டில் பல் டாக்டரோடு மூன்றாம் மாடி வரை போய்வர வேண்டும். ஒலிபெருக்கியை நிறுத்தி, போனைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும், தரும்வரை, நான் வெளியில்தான் நிற்கிறேன் என்று ஒரு குரலாவது சொல்ல வேண்டும். இதையெல்லாம் நடத்தி வைக்க வேண்டியது நீங்கள். ஒன்றுகூடக் குறைக்க மாட்டேன்.

நீங்களும் பாப்பாவும் ஒருவருக்கொருவர் துணையாக, நின்றுபோகாத லிஃப்ட் மாதிரி நீண்ட காலம் வாழ என் ஆசிகள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் அத்தையின் ஆசி பிறகு வரும்.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் சற்றும் குறையாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் போன் மறுபடி கறுப்பாகி வட்டம் சுற்றியது. அறிவிப்பும் வந்தது. ‘சிலர் சந்தித்த சிரமம் நீக்கப்பட்டது. ஒலிபெருக்கி வசதி தற்காலிகமாக இருக்காது.’ மறுபடியும் கேட்காமல்தான், ஆனாலும் போகட்டும். தையல்காரரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன், காதோடு நின்றது. “பார்த்தியா, மாப்பிள்ளை சரிபண்ணிட்டாரு” என்று கூடத்தில் நின்று உரக்கச் சொன்னேன். உங்கள் அத்தை போனை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள், முகம்தான் என்னமோ போலிருந்தது.

பொழுது சாய்ந்தது. பாப்பா கூப்பிடுவதற்கு முன்னாலேயே பலகை, கத்தி, பீன்ஸ் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. மணி அடித்தது, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், பாப்பா பேசுகிறாள், நான் ம், ம் என்கிறேன். கத்தி நின்றது. “என்னவாம்?” என்றாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். “சும்மான்னா?” மாப்பிள்ளை இன்றைக்கும் வரவில்லையாம் என்றேன். “அழறாளா?” தெரியவில்லை, மூக்கடைப்பு மாதிரி இருக்கிறது என்றேன். “அழுகைக்கும் மூக்கடைப்புக்கும் வித்தியாசம் தெரியாத காதுக்கு எதுக்குங்க போன்? குடுங்க இப்படி.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள் மாப்பிள்ளை. துடைப்பத்தால்கூடத் தொடமாட்டேன் என்றவள். தலைகீழாகப் பிடித்தாள், நான் திருப்பிக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பாப்பா, அப்பா அப்பா என்று கூப்பிட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் சொன்னாள். “பயப்படாதே. நான் வெளியிலதான் நிக்கிறேன்.” என் தொழில் வரி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து போன் அவளிடம்தான் இருக்கிறது. தாயும் மகளும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு எழுத்து எனக்குத் தெரியவில்லை. இடையில் சிரிப்பு வருகிறது, ‘அந்த மனுஷன்’ என்று ஒரு தடவை வந்தது, அது நானா நீங்களா என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே மேலே எழுதிய கோரிக்கைகளை நீங்கள் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும். நான் எதையும் திரும்பப் பெறுகிறவன் இல்லை, திருத்துகிறேன். நடக்க வேண்டியது இதுதான்.

உங்கள் கம்பெனியின் தலைவர் அந்த ஒலிபெருக்கியை உடனே திருப்பிக் கொண்டுவர வேண்டும். இந்த முறை என்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம், நான் சரி என்பேன்.

அந்தக் கோளாறைச் செய்தவருக்குப் பதவி உயர்வு தர வேண்டும். லிஃப்டில் பல் டாக்டரோடு அவர் போக வேண்டாம். டாக்டரிடம் நீங்களே போனில் பேசி, மருமகன் என்று சொல்லி, எனக்கு ஒரு வியாழக்கிழமை வாங்கித் தர வேண்டும்.

மைத்துனர் மறுபடி கூப்பிட வேண்டும். பூங்காவில் எல்லாரும் ஏங்கிப்போயிருக்கிறார்கள்.

பாப்பா கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், கதவு கனமான கதவு.

நீங்கள் இன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட வேண்டும். இது என் கோரிக்கை இல்லை, உள்ளேயிருந்து வந்த உத்தரவு. “அந்தப் பையனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க” என்றாள். ‘அந்த ஆள்’ போய் ‘அந்தப் பையன்’ ஆகியிருக்கிறீர்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நான் பீன்ஸ் நறுக்க வேண்டும். படுக்கையறைக் கதவுப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கதவை நெம்பாமல், அது தானாகத் திறக்கிறவரைக்கும் வெளியிலேயே நிற்க வேண்டும்.